பழைய கட்டடம், பச்சைக் கூரை: டெல்டா வாசகர்களின் கேள்விகள்

பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

மன்னார்குடி வாசகர்: சார், எங்கள் ஊர்ப் பழைய படிப்பகம் மெட்ராஸ் டெரஸ் கட்டடம். சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியவில்லை. மாடியில் மண் கொட்டிப் புல் வளர்க்கலாமா?

மண் மட்டும் கொட்டிவிடாதீர்கள் ஐயா. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்பில் குத்தலாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த கூரை. மொத்த பாரமும் அந்தக் கட்டைகள் மேல்தான். பத்து செ.மீ. மண் மழையில் ஊறினால் சதுர மீட்டருக்கு 180 முதல் 200 கிலோ வரும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கே இன்றைய விதி 150 கிலோதான் கணக்கு வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் மண் காயவே காயாது.

கட்டைகளில் முதலில் போவது சுவருக்குள் புதைந்திருக்கும் நுனி. ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டிய இடத்தில் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு முனையை உள்ளே விடாது. உளுத்த கட்டை மாவாக உதிரும். அப்படி உதிர்ந்தால் வேறு எந்த வேலைக்கும் முன்னால் கட்டையை மாற்றுங்கள்.

வெயிலுக்கு வேறு வழி இருக்கிறது. ஒழுகும் தட்டோடுகளை மாற்றி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மேற்குச் சுவரை விட்டுத் தள்ளி, தரையில் தனிக் கால் நட்டுப் பந்தல் போட்டுக் கோவையோ அவரையோ ஏற்றுங்கள். பச்சை கட்டடத்தின் தலையில்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சீர்காழி, ஊராட்சி உறுப்பினர்: எங்களுடையது 1980களில் கட்டிய கான்கிரீட் கட்டடம். இதன் மாடியிலாவது மண் போட்டுச் செடி வளர்க்க முடியுமா?

முடியும், கம்பி நன்றாக இருந்தால். கடல் காற்று படும் ஊர் என்பதால், உள்கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பாரம் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தரட்டும். நீர்க்காப்புப் பூச்சு போட்டதும் இரண்டு நாள் தண்ணீர் தேக்கி ஒழுக்குப் பாருங்கள். அப்புறம்தான் வேர்த் தடுப்பு விரிப்பு, வடிகால் அடுக்கு, வடிதுணி, அதன்மேல் மண். வெறும் மண் வேண்டாம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை மக்க வைத்துக் கலந்தால் பாரம் குறையும். மக்காத கழிவைப் போட்டால் செடி கருகும். பத்துமணிப்பூ, சோற்றுக்கற்றாழை போதும். மழைநீர் வடியும் குழாய் வாயைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்குக் கூழாங்கல் மட்டும் போடுங்கள்.

திருவையாறு, தலைமையாசிரியை: பள்ளியின் பழைய சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார்.

தயவுசெய்து வேண்டாம் அம்மா. டெல்டாவில் நல்ல பழைய சுவர்கள் கெடுவது இந்த ஒரு பூச்சால்தான் என்பது என் உறுதியான எண்ணம். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியே வெளியே போய்விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பு செங்கல்லின் முகத்தையே பொரித்துத் தள்ளும். கெட்ட காரையைச் சுரண்டி எடுத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பைப் பூசச் சொல்லுங்கள். நாள் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவரின் காலையும் பாருங்கள். சாலைமேல் சாலை போட்டுப் போட்டு, பல ஊர்களில் பள்ளித் தரை தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. தெருத் தண்ணீர் சுவரடியில் நின்றால் எந்தப் பூச்சும் நிற்காது. முதலில் வடிகால் வெட்டுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. விட்டு வைக்கலாமா?

கூடாது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பக்கத்துச் செங்கல்லைப் பெயர்த்து வேரோடு எடுத்து, சுண்ணாம்பால் அடையுங்கள்.

திருவாரூர் வாசகர்: பழைய ஓட்டுக் கட்டடத்தில் சோலாரும் மழைநீர்ச் சேகரிப்பும் சேர்த்துச் செய்ய நினைக்கிறோம்.

பழைய ஓட்டுக் கூரையில் சோலார் பலகை வேண்டாம். பாரத்தைவிடக் காற்றுதான் பயம். 2018 நவம்பர் 16 கஜா புயலை நீங்களே பார்த்தீர்கள். சைக்கிள் கொட்டகையைப் பலமாகக் கட்டி அதன்மேல் வையுங்கள்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம்தான். ஆனால் நம் பக்கம் அடைமழையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும், உறிஞ்சு குழி தண்ணீரை வாங்காது. எனவே தொட்டியில் சேர்ப்பதே நல்லது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் வரை வரும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் தொட்டிக்குத் திருப்புங்கள்.