கோவேறு கழுதைகள் சுமந்த பீரங்கி: இத்தாலியின் மூன்றாவது மலைப் பீரங்கி ரெஜிமென்ட்

ஒரு மாணவர்: பாதையே இல்லாத மலைக்குப் பீரங்கியை எப்படி ஏற்றினார்கள்?

கழற்றித்தான். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியத் தரப்பிலிருந்து இத்தாலியின் கைக்கு வந்த ஸ்கோடா 75 மி.மீ. பீரங்கியின் எடை 613 கிலோ. அதை ஏழு சுமைகளாகப் பிரித்துக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றுவார்கள். ஒன்றின் முதுகில் குழாய், இன்னொன்றில் சக்கரங்கள். சுமை சற்றே ஒரு பக்கம் சாய்ந்தாலும் சேணம் உராய்ந்து முதுகு புண்ணாகிவிடும். ஆகவே வாரை இறுக்கத் தெரியாதவன் எவ்வளவு நன்றாகக் குறி பார்த்தாலும் இந்தப் படைக்கு உதவமாட்டான். விலங்கும் ஏற முடியாத சரிவில் வீரர்களே தோள் கொடுத்தார்கள். "பேசாதே, இழு" என்பது வெனிஸ் வட்டார வழக்கில் இவர்களிடையே புழங்கும் வாசகம். அங்கே "இழு" என்ற சொல்லுக்குச் "சுடு" என்றும் பொருள் உண்டு.

ஓர் ஆசிரியை: இந்த ரெஜிமென்ட் எப்போது தொடங்கியது?

1915இல், இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கிய ஆண்டில். பின்னாளில் 'யூலியா' என்ற ஆல்பைன் (மலைப்போர்) டிவிஷனின் பீரங்கிப் படையானது.

இன்னொரு வாசகர்: கிரீஸில் தோற்றது ஏன்?

1940 அக்டோபர் 28 அன்று யூலியாவைப் பிந்தஸ் மலைகள் வழியாக மெட்சோவோ என்ற ஊரை நோக்கி அனுப்பினார்கள். அது மழைக்காலம். உணவும் குண்டுகளும் பின்தொடர்ந்து வர வழியில்லை. கிரேக்கர்கள் சூழ்ந்துகொண்டதும் பின்வாங்க வேண்டியதாயிற்று. முசோலினியின் அவசரமே இதற்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

ஓய்வுபெற்ற ராணுவ வீரர்: மலைப்படைக்கு ரஷ்யச் சமவெளியில் என்ன வேலை?

சரியான கேள்வி. 1942இல் காகசஸ் மலைக்கென்று புறப்பட்டவர்களைத் தோன் நதிக்கரைக்குத் திருப்பிவிட்டார்கள். 1943 ஜனவரி 20 அன்று நோவா பொஸ்தொயாலொவ்கா கிராமத்தில் இந்த ரெஜிமென்ட்டின் கொனெலியானோ பீரங்கிக் குழு சோவியத் டாங்குகளை நேருக்கு நேர் எதிர்கொண்டு அழிந்தது. மலையில் ஏற்றுவதற்காகச் செய்த சிறு பீரங்கிகள், திறந்த பனிவெளியில் டாங்குகளின் முன்னால்! பிறர் மண்ணை ஆக்கிரமிக்கச் சென்ற படைதான், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்த எளிய மலைக்கிராமத்து இளைஞர்களை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

மற்றொருவர்: இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. ஊதினே நகருக்கு அருகே ரெமன்சாக்கோவில் முகாம். இப்போது 155 மி.மீ. பீரங்கிகளை லாரிகள் இழுக்கின்றன. ஆல்பைன் படைகளின் கோவேறு கழுதைகள் 1993இல் பெல்லூனோவில் ஏலம் விடப்பட்டன. அவை கசாப்புக்குப் போய்விடக் கூடாதென்று முன்னாள் வீரர்கள் சிலவற்றை வாங்கி வளர்த்தார்கள். அவற்றுள் கடைசியாக உயிரோடிருந்த ஈரோசோ, 2019 ஏப்ரலில் தன் நாற்பதாம் வயதில் இறந்தது.