குழாய்க்காரர் பில்லும் ஆச்சியின் கேள்வியும்

கேள்வி: வளவு (உள்முற்றம்) ஓரக் குழாய் கசிவுக்கு ஆறாயிரம் ஆகும் என்று வாயால் சொன்ன பிளம்பர், இப்போது 14,500 ரூபாய் பில் நீட்டுகிறார். முழுதும் தரணுமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஒரேயடியாக மறுக்காதீர்கள் ஆச்சி, பார்த்த வேலைக்குக் கூலி போய்ச் சேரணும். குழாயைத் தோண்ட, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்தால் செலவு ஏறத்தான் செய்யும். ஆனால் பெயர்க்கும் முன்னே உங்களைக் கேட்டிருக்க வேண்டும், அது அவர் தப்பு. எத்தனை அடி குழாய், எத்தனை எல்போ (வளைவு இணைப்பு), எத்தனை ஆள் கூலி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். கடை ரசீதும் கேளுங்கள். கழற்றிய பழைய குழாயை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், மாற்றிய நீளம் அதில் தெரியும். நியாயமாகப் பட்ட தொகையை உடனே கொடுத்துவிட்டு, மீதியை ஏன் தரவில்லை என்று வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். அப்புறமும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.