தண்டையார்பேட்டை வீடும் அமெரிக்க சீட்டும்

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், வயது 61. துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓய்வூதியம் மாதம் 34,000 ரூபாய். பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் சேர்த்து 36 லட்சம் ரூபாய் வங்கி வைப்பில் இருக்கிறது. மகள் பி.டி.எஸ். முடித்து, கொருக்குப்பேட்டையில் ஒரு தனியார் கிளினிக்கில் 25,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறாள். அமெரிக்கப் பல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து அங்கேயே மருத்துவராக வேண்டும் என்பது அவள் விருப்பம். அதற்கான ஐஎன்பிடிஇ தேர்விலும் தேறிவிட்டாள். வீடு என் அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா, அம்மா இருவரும் இப்போது இல்லை. எனக்கு இரண்டு தங்கைகள். வீட்டை அடமானம் வைத்து இப்போதே ஒன்றரைக் கோடி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார் ஒரு தரகர். சீட்டுக்கு உத்தரவாதம் என்று சொல்லி ஒரு ஆலோசனை நிறுவனம் 4 லட்சம் கேட்கிறது. மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லாச் செலவும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதை அவிழ்த்து இரண்டாகப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சீட் கிடைக்கும் வரை செலவாவது முயற்சிப் பணம். சீட் கிடைக்காவிட்டால் அது போனது போனதுதான். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகே தேவைப்படுவது படிப்புப் பணம். முதலாவதை உங்கள் சேமிப்பிலிருந்து, ஓர் எல்லை வகுத்துக்கொண்டு கொடுக்கலாம். இரண்டாவதை உங்கள் சேமிப்பிலிருந்து கொடுக்கக் கூடாது. அது மகளின் பெயரில் கல்விக் கடனாகத்தான் வர வேண்டும்.

முயற்சிப் பணத்தை முதலில் பார்ப்போம். இந்தியாவில் பி.டி.எஸ். முடித்தவர் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் பெற, கோடா என்ற அங்கீகார ஆணையம் ஏற்ற பள்ளியில் படித்து டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. பட்டம் வாங்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவர்களுக்கென்றே பென்சில்வேனியா, பாஸ்டன், கொலராடோ, சான் பிரான்சிஸ்கோ போன்ற இடங்களின் பல்கலைக்கழகங்கள் இரண்டு முதல் மூன்று ஆண்டுப் படிப்பை நடத்துகின்றன. பெரும்பாலான பள்ளிகளுக்கு கேபிட் என்ற பொது விண்ணப்ப வழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு. உங்கள் மகள் தேறியிருக்கும் தேர்வு இரண்டு நாளில் 500 கேள்விகளைக் கொண்ட கடினமான தேர்வுதான் என்றாலும், அதில் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டே முடிவுகள். ஆகவே தேறியவர்களில் யாரை எடுப்பது என்பதைப் பள்ளிகள் பி.டி.எஸ். மதிப்பெண், டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு, பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல் ஆகியவற்றோடு, பல இடங்களில் பெஞ்ச் டெஸ்ட் என்ற செய்முறைத் தேர்வையும் வைத்துத் தீர்மானிக்கின்றன.

பெஞ்ச் டெஸ்டில் பிளாஸ்டிக் பற்கள் பதித்த டைப்போடான்ட் மாதிரியை எதிரே வைத்து, கிரவுன் என்ற உறையைப் பொருத்துவதற்கு ஏற்றபடி பல்லைச் செதுக்கச் சொல்வார்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் தேர்வாளர் கண்ணில் படும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், வீட்டு மாடி அறையில் மேசை விளக்கின் கீழ் தினமும் இரண்டு பல் என்று கணக்கு வைத்து எட்டு மாதம் செதுக்கினார். அவர் வாங்கிய பிளாஸ்டிக் பற்களின் ரசீதுகளே ஒரு கோப்பை நிரப்பின. இந்தப் பயிற்சிக்கும், சான்றிதழ் மதிப்பீட்டுக்கும், பத்துப் பன்னிரண்டு விண்ணப்பங்களுக்கும், நேரில் அழைக்கும் பள்ளிகளுக்காக விசாவும் விமானமும் எடுப்பதற்கும் சேர்த்து 10 லட்சம் ரூபாய் என்று ஒதுக்கச் சொல்வேன். ஒருமுறை கிடைக்காவிட்டால் இரண்டாவது சுற்றுக்கும் அந்தத் தொகைக்குள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆலோசனை நிறுவனத்துக்கான 4 லட்சம் இந்தக் கணக்கில் இல்லை. விண்ணப்பத்தை உங்கள் மகளே பூர்த்தி செய்கிறார், பல்லை அவரே செதுக்குகிறார், நேர்காணலில் அவரே பதில் சொல்கிறார். இடையில் இருப்பவர் எதற்கு உத்தரவாதம் தர முடியும்? கட்டுரையைத் திருத்தித் தருவதற்கு நியாயமான கூலி கேட்டால் கொடுங்கள். சீட்டுக்கு என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது படிப்புப் பணம். பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தொடுகிறது அல்லது தாண்டுகிறது. கட்டணம் சற்றுக் குறைந்த இடம் கிடைத்து, கருவிகள், காப்பீடு, வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் டாலரில் முடிந்துவிடுகிறது என்று நல்லெண்ணத்தோடு வைத்துக்கொள்வோம். டாலர் 90 ரூபாய் என்றால் அது 1.8 கோடி ரூபாய். டாலர் ஒரு ரூபாய் ஏறும்போதெல்லாம் உங்கள் செலவு 2 லட்சம் ரூபாய் ஏறும். 10 விழுக்காடு வட்டியில், ஆண்டுக்குப் பாதியாக இந்தக் கடனை எடுத்தால், முதலாண்டு வட்டி 9 லட்சம், இரண்டாமாண்டு 18 லட்சம், படிப்பு முடிந்த பிறகு வங்கி தரும் ஆறு மாத அவகாசத்துக்கு 9 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 2.16 கோடியாக நிற்கும். அதை 15 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 2.32 லட்சம் ரூபாய், அதாவது 2,580 டாலர்.

அமெரிக்க அரசின் புள்ளிவிவரப்படி பல் மருத்துவர்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 2023இல் ஏறத்தாழ 1.7 லட்சம் டாலர். வரி போக மாதம் பத்தாயிரம் டாலர் கைக்கு வந்தால், 2,580 டாலர் என்பது கால் பங்குதான். சிக்கனமாக இருந்தால் 15 ஆண்டுக் கடனை ஆறேழு ஆண்டுகளில் முடித்துவிடலாம். அதே தவணையை ஊருக்குத் திரும்பி வந்து, கிளினிக் சம்பளத்தில் கட்ட முடியாது. இன்றைய சம்பளத்தைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல். ஆகவே இந்தக் கடனின் தலைவிதி வட்டி விகிதத்தில் இல்லை, அங்கே வேலை செய்ய அனுமதி கிடைப்பதில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவின்கீழ் ஓராண்டு வேலை செய்யலாம். அதன் பிறகு எச்1பி என்ற வேலை விசா, அதாவது பெரும்பாலோருக்குக் குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அங்கேயே மாணவராக இருந்து மாறுவோருக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. விதிகள் மாறும் வேகம் அப்படி. மகளோடு உட்கார்ந்து இந்த ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

இப்போது தரகர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். கேபிட் விண்ணப்பம் மார்ச் வாக்கில் திறக்கும். வகுப்புகள் பெரும்பாலும் அதற்கு அடுத்த ஆண்டில்தான் தொடங்கும். இன்றைக்கே ஒன்றரைக் கோடியை வாங்கி வைத்தால், அது கல்விக் கடன் அல்ல, சொத்து அடமானக் கடன். அதற்குப் படிப்பு முடியும் வரை என்ற அவகாசம் கிடையாது. 10 விழுக்காட்டில், 15 ஆண்டுக் கணக்கில், அடுத்த மாதத்திலிருந்தே ஏறத்தாழ 1.61 லட்சம் ரூபாய் தவணை, உங்கள் ஓய்வூதியமோ 34,000. சீட் கிடைக்கும் முன்பே வீடு போய்விடும். வேறு வேறுபாடுகளும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கட்டணத்துக்கு 2025 ஏப்ரல் முதல், பணம் அனுப்பும்போதே வங்கி செய்யும் டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தம் இல்லை. மற்றப் பணத்தை அனுப்பினால் நிதியாண்டுக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு வங்கி பிடித்துக்கொள்ளும், கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும். (இந்த டிசிஎஸ்ஸுக்கும் சிறுசேரி மென்பொருள் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை, ஒரு பெரியவர் என்னிடம் உண்மையாகவே கேட்டார்.) கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டென்று யாராவது ஆசை காட்டினால், அது பழைய வரிமுறையில் மட்டும்தான் என்பதையும், உங்கள் ஓய்வூதியமும் வைப்பு வட்டியும் சேர்ந்தே புதிய முறையில் வரி இல்லாத 12 லட்சத்துக்கு வெகு கீழே நிற்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு அதனால் பயன் இல்லை.

36 லட்சத்தில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிடுங்கள், 8.2 விழுக்காட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு அது உதவும். மீதி 6 லட்சமும், மகள் தம் சம்பளத்திலிருந்து இந்த ஓராண்டில் சேர்ப்பதும் முயற்சிப் பணம். பத்து லட்சம் நிறையாவிட்டால் விண்ணப்பங்களைக் குறையுங்கள், வைப்பைத் தொடாதீர்கள். கடன் கிடைக்கும்போது, கடன் தொகைக்கு ஈடான டேர்ம் காப்பீட்டை மகள் பெயரில் எடுப்பது கட்டாயம். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இணைக் கடனாளியான உங்களிடம்தான் வங்கி வரும்.

கனடா வழியையும் மகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அங்கே பள்ளியில் சேராமலே ஏஎஃப்கே, ஏசிஜே, என்டிஇசிசி என்ற தகுதித் தேர்வுகளையும், அவற்றுக்குப் பிறகு வரும் சான்றுத் தேர்வையும் எழுதித் தகுதி பெறலாம். இவற்றில் என்டிஇசிசி ஒட்டாவாவில் நடக்கிறது. செலவு அமெரிக்கப் படிப்பில் ஒரு சிறு பகுதிதான், ஆனால் தேர்வு குடியேற்ற உரிமையைத் தராது. அதைத் தனியாகத் தேட வேண்டும்.

கடன் இப்போது வேண்டாம் என்றேன்; பத்திர வேலையை மட்டும் இப்போதே தொடங்க வேண்டும். சேர்க்கைக் கடிதம் வந்தால் சில வாரங்களுக்குள் முன்பணம் கட்டச் சொல்வார்கள். இவ்வளவு பெரிய தொகைக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கும், உங்கள் தந்தை பெயரில் உள்ள வீட்டை அப்படியே ஏற்காது. அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் தங்கைகள் இருவருக்கும் உங்களோடு சம பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றைச் சேர்த்து வங்கி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கருத்துக் கேளுங்கள். வடசென்னையின் பழைய தெருக்களில் கட்டடம் மட்டும் நம்முடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருப்பது உண்டு. அப்படியானால் அந்தப் பத்திரம் பிணைக்கு உதவாது, பிணையில்லாக் கடன் தரும் நிதி நிறுவனங்களைத்தான் கூடுதல் வட்டிக்கு நாட வேண்டியிருக்கும்.

தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சம்மதித்தால், அவர்கள் பங்குக்கு என்ன தொகை, எப்போது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையையும் சேர்த்துத்தான் படிப்பின் மொத்தச் செலவைக் கணக்கிட வேண்டும். பேசப் போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். அத்தைகளிடம் கையெழுத்துக் கேட்பது அவருடைய கடனுக்காக.