பழைய கேம் போய் பெட்டிகளை மாரிக்குத் தப்ப வைப்பது எப்படி?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் பெரியப்பா, தம் பிள்ளைகள் விளையாடிய நின்டென்டோ கேம் போய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியையும், மட்டைப் பெட்டியும் கையேடும் குறையாமல் உள்ள 6 விளையாட்டுக் கசற்றுகளையும் எனக்கு அனுப்பியிருக்கிறார். அவற்றுள் ஒன்றின் மெல்லிய பிளாஸ்ரிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது. இவற்றைப் பாதுகாக்க இணையத்தில் விற்கும் அக்ரிலிக் பெட்டிகளை வாங்க வேண்டுமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: அக்ரிலிக் பெட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள். கேம் போய் 1989 இல் வெளிவந்தது. அக்காலத்து மட்டைப் பெட்டிகளுக்குக் குளிர்நாட்டு அலுமாரிகளில் வெயிலும் கைபடுதலுமே பகை என்றால், நம் ஊரில் ஐப்பசி முதல் மார்கழி வரையான ஈரக் காற்றே பெரும் பகை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிப் பல நாட்கள் நீடித்தால் மட்டையில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். மாரியில் கடலோர வீடுகளில் அது 80 ஐத் தாண்டுவது வழமை. நீங்கள் பிடிக்க வேண்டிய அளவு 40 க்கும் 50 க்கும் இடையில் இருக்கட்டும். 30 க்குக் கீழே இறங்கினால் மட்டை வறண்டு வளைந்துவிடும்.

பலரும் செய்யும் தவறு, பெட்டியைப் பொலித்தீன் பையில் இட்டு வாயை இறுக்கிக் கட்டிவிடுவது. நானும் அவ்வாறே ஒரு பெட்டியைக் கட்டி, வெளிச்சுவரோடு ஒட்டி நின்ற இரும்பு அலுமாரியில் வைத்திருந்தேன். தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது எடுத்துப் பார்த்தபோது, பையின் உட்புறத்தில் நீர்த்துளி காய்ந்த தடங்களும், மட்டையின் மூலைகளில் மிளகளவு பழுப்புப் புள்ளிகளும் இருந்தன. கையேட்டின் பளபளப்பான பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஈரம் வெளியிலிருந்து வரவில்லை. மட்டை தன்னுள்ளே வைத்திருந்த ஈரம், இரவில் இரும்பு குளிர்ந்தபோது பைக்குள் துளிகளாகப் படிந்திருந்தது. இன்றும் அந்தப் பெட்டியைக் காணும்போது மனம் நோகிறது.

ஆகவே பெட்டிகளை மூடி வைக்கும் வேலையை மழைக்காலத்தில் செய்யாதீர்கள். பங்குனியிலோ சித்திரையிலோ, வெயில் ஏறிய ஒரு நண்பகலில், நிழலான அறையில் சில மணி நேரம் காற்றாட வைத்துவிட்டு, இறப்பர் விளிம்பும் அழுத்து மூடியும் உள்ள உணவுப் பெட்டி போன்ற காற்றுப் புகாத ஒன்றினுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடுங்கள். ஏறத்தாழ 10 லீற்றர் கொள்ளளவுக்கு 100 கிராம் ஜெல் தாராளமாகப் போதும். ஈரமானியையும் உள்ளேயே வைத்து வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். நிறம் மாறும் ஜெல் வாங்கினால், அது நிறம் மாறியதும் பொதியில் குறித்துள்ள வெப்பத்தில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். சிலர் இதற்குப் பதிலாக அரிசி போடுகிறார்கள். அரிசி போதிய ஈரத்தை உறிஞ்சாது. வண்டையும் எறும்பையும் அழைத்துவரும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் போடும் ஒளிபுகும் உறை அரை மில்லிமீற்றர் தடிப்புள்ளதாக இருந்தால் மூலைகள் நசுங்காது. வாங்குமுன் முக்கோணக் குறிக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள்: 1 எனில் பெற் (PET), 5 எனில் பொலிபுரொப்பிலீன், இரண்டும் நல்லவை. 3 எனில் அது பிவிசி. நம் வெக்கையில் அது அமில ஆவியை விட்டு, காலப்போக்கில் பிசுபிசுத்து அச்சோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கூறைச் சேலையோடு வைக்கும் நப்தலீன் பூச்சி உருண்டைகளையும் அருகில் வைக்காதீர்கள். அவற்றின் ஆவி சில வகைப் பிளாஸ்ரிக்கை இளக்கிவிடும். இறப்பர் பட்டியும் செலோரேப்பும் கூடவே கூடாது. பழைய விலைச் ஸ்ரிக்கர் இருந்தால், அது அழகில்லை என்று உரித்துவிடாமல் அப்படியே விடுங்கள்.

வீட்டின் நடு அறையில், உட்சுவர்ப் பக்கம், நிலத்திலிருந்து உயர்ந்த தட்டில், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். ஓட்டுக்குக் கீழான பரணும், கற்பூரப் புகை படியும் சுவாமி அறையும் பொருந்தா. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்: வெள்ளிப்பூச்சி மட்டையைத் துளைப்பதில்லை, படத்தின் மேற்பரப்பையே சுரண்டித் தின்னும் என்பதால், நிறம் போய் வெள்ளை தெரியும்வரை நமக்குத் தெரிவதில்லை.

கேள்வி: முகநூலில் ஒருவர் பிரிக்கப்படாத சூப்பர் மரியோ லாண்ட் என்னும் கேம் போய் விளையாட்டின் பெட்டியை, 1992 முதல் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே இருந்தது என்று கூறி 3 இலட்சம் ரூபாய்க்கு விற்கிறார். வாங்கலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: அவசரப்படாதீர்கள். 2021 இல் பிரிக்கப்படாத சூப்பர் மரியோ 64 ஒன்று அமெரிக்க ஏலத்தில் 1.56 மில்லியன் டொலருக்குப் போன பின்னர், பழைய பெட்டிக்குப் புதிய உறை சுற்றி விற்போரும் பெருகினர். நின்டென்டோவின் அக்காலப் பெட்டிகள் பலவற்றில், உறையின் மடிப்பு பின்புறத்தில் எச் என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் இருக்கும். அந்த மடிப்பையும் நான்கு மூலைகளையும் பகல் வெளிச்சத்தில் அண்மையில் எடுத்த படங்களாகக் கேளுங்கள். உறை கசங்காமல் இருக்க, உள்ளே மட்டையின் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் விலகிவிடுங்கள்.

அவர் சொல்லும் கதையையும் நிறுத்துப் பாருங்கள். போர் நடந்த 1992 இல் இங்கு மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அப்படியான காலத்தில் வந்த விளையாட்டுப் பெட்டி, இடப்பெயர்வுகளையும் முப்பது மாரிகளையும் தாண்டி ஒரு புள்ளிகூட இல்லாமல் இருக்கிறதென்றால், யார் அனுப்பியது, எங்கே வைத்திருந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டில் பிரிக்கப்படாத அசல் என்று எழுதி வாங்குங்கள். பிணக்கு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். தனியாளிடம் வாங்கினால் நேரில் பார்க்காமல் முற்பணம் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: கசற்றுக்குள் பற்றரி இருக்கிறது என்கிறார்களே, அதைக் கழற்ற வேண்டுமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: எல்லாவற்றிலும் இல்லை. சூப்பர் மரியோ லாண்டில் கிடையாது. 1993 இல் வந்த செல்டா: லிங்க்ஸ் அவேக்கனிங் போல, விளையாட்டைச் சேமிக்கும் கசற்றுகளில்தான் நாணய வடிவ லித்தியம் பற்றரி உண்டு. அது ஒழுகுவது அரிது. தீர்ந்தால் சேமித்தது அழியும், கசற் கெடாது. பிரிக்காத பெட்டியை இதற்காகப் பிரிக்கவே வேண்டாம். ஆனால் கருவிக்குள் போடும் 4 பென்ரோச் பற்றரிகள் வேறு கதை: அவை ஒழுகினால் உள்ளே உள்ள கம்பிச்சுருள்களை அரித்துவிடும். இன்றே கழற்றிவிட்டு, மூடியை மட்டும் பூட்டி வையுங்கள்.