வாசகர் கேள்வி – பதில்: நான்கு அரங்குகளா, இரண்டா?

கேள்வி: உயர்நிலை 3 மாணவர்கள் 32 பேர். சிங்கப்பூரின் எஸ்பிளனேட், விக்டோரியா அரங்கம், தேசிய நூலகக் கட்டடத்திலுள்ள டிராமா சென்டர், ஃபுனானிலுள்ள வைல்ட் ரைஸ் ஆகிய நான்கையும் மேடைப் பின்புறத்தோடு ஒரே நாளில் காட்டிவிட முடியுமா?
– தமிழாசிரியர், தெம்பனிஸ்

பதில்: நடந்தே போய்வந்துவிடலாம், தூரம் ஒரு பொருட்டல்ல. ஆனால் மாலையில் பிள்ளைகளிடம் கேட்டால் நான்கு வரவேற்புக்கூடங்கள்தான் நினைவில் இருக்கும். இரண்டோடு நிறுத்துங்கள். பின்மேடை வழிகள் குறுகல், வெளிச்சமும் குறைவு. 32 பேரும் ஒரே வரிசையில் போனால் வழிகாட்டி பேசுவது முன்னால் நிற்கும் எட்டுப் பேருக்குத்தான் கேட்கும். 16 பேராக இரண்டு குழு, குழுவுக்கு ஓர் ஆசிரியர். ஒரு குழு மேடையில் 40 நிமிடம் இருக்கும்போது மற்றது ஒப்பனை அறைகளையும் லாரி வந்து நிற்கும் சரக்குத் தளத்தையும் பார்க்கட்டும். பிறகு இடம் மாறட்டும். இப்படிப் பார்த்தாலே ஓர் அரங்குக்கு ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

காலையில் விக்டோரியா, பிற்பகலில் எஸ்பிளனேட் என்பது எங்கள் யோசனை. விக்டோரியா 1862இல் நகர மண்டபமாக எழுந்தது. புதுப்பித்து 2014இல் மீண்டும் திறந்தபோது 614 இருக்கைகள். பழைய வார்ப்பிரும்பு நாற்காலிகளின் பாகங்களைச் சுவரில் பதித்திருக்கிறார்கள். எங்கே என்று சொல்லாமல் பிள்ளைகளையே தேடவிடுங்கள். மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது 1905இல் திறந்த நினைவு மண்டபம், இன்றைய இசையரங்கு. மக்கள் செயல் கட்சி 1954 நவம்பரில் அங்கேதான் தொடங்கப்பட்டது. வரலாற்று ஆசிரியரையும் கூட்டிப்போக இதுவே காரணம் ஆகலாம். அங்கிருந்து எஸ்பிளனேட் பூங்கா வழியாக, பிள்ளைகளோடு கால் மணி நேர நடை.

எட்டு வாரம் முன்னதாக எழுதிக் கேளுங்கள். ஒரே தேதி கேட்டால் ‘இடமில்லை’ என்ற பதில்தான் வரும், மூன்று கொடுங்கள். கூடவே, “அன்று மேடையில் என்ன வேலை நடக்கும்?” என்றும் கேளுங்கள். நாடகம் ஓடிக்கொண்டிருந்தால் மேடையில் எதையும் தொட முடியாது. காலியாக இருந்தால் எங்கும் போகலாம், ஆனால் இயக்கிக் காட்ட ஆள் இருக்க மாட்டார். அரங்கத் தொழில்நுட்பர் ஒருவரை 20 நிமிடம் தனியாகக் கேளுங்கள். அவர் திரையைத் தொங்கவிடும் தூக்குக் குழாய் ஒன்றை இறக்கி ஏற்றிக் காட்டினால் போதும். அதற்குக் கட்டணம் கேட்டாலும் கொடுங்கள். நினைவுப் பரிசுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குத் திருப்பிவிடலாம்.

கேள்வி: மேடையின் ஓரத்தில் சுவர் நீளத்துக்கு வரிசையாகக் கயிறுகள் இருந்தன. அவ்வளவு பெரிய திரையை ஒருவர் ஒரு கையால் தூக்கினார். எப்படி?
– நாடகக் கழக மாணவி, ஈசூன்

பதில்: கிணற்றுத் துலா பார்த்திருக்கிறீர்களா? தாத்தா பாட்டியைக் கேளுங்கள். ஒரு முனையில் சால், மறுமுனையில் கல். அதே கணக்குதான் இங்கும். மேடைக்கு மேலே குறுக்கே தொங்கும் நீண்ட இரும்புக் குழாயில் திரையைக் கட்டுகிறார்கள். குழாயைத் தாங்கும் கம்பிவடங்கள் உச்சியில் கப்பிகளைச் சுற்றி, பக்கச் சுவரில் மேலும் கீழும் ஓடும் ஒரு தொட்டிலில் முடிகின்றன. அந்தத் தொட்டிலில் இரும்புக் கட்டிகள். திரை 120 கிலோ, கட்டி ஒன்று 10 கிலோ என்றால் 12 கட்டி. இரண்டு பக்கமும் சமமானபின் கயிற்றை இழுப்பவருக்கு உராய்வைத் தவிர வேறு சுமை இல்லை.

ஆபத்து இருப்பது கட்டும்போதும் அவிழ்க்கும்போதும். குழாய் தரைக்கு இறங்கியிருக்கும்போது தொட்டில் உச்சியில் நிற்கும். ஆகவே முதலில் திரையைக் குழாயில் கட்ட வேண்டும், பிறகுதான் மேலே கட்டிகளை அடுக்க வேண்டும். அவிழ்க்கும்போது அப்படியே தலைகீழ்: முதலில் கட்டி, பிறகு திரை. யாராவது அவசரப்பட்டுத் திரையை முதலில் கழற்றினால் உச்சியில் 120 கிலோ பிடிமானம் இல்லாமல் நிற்கும். தொட்டில் கீழே பாயும், வெறுங்குழாய் மேலே பறக்கும். கயிற்றில் ஒரு பூட்டு இருக்கிறதே என்பார்கள். அது சிறு வித்தியாசத்தைத் தாங்கத்தான், பிரேக் அல்ல. ஓடும் கயிற்றைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். குழாய் அசையும் முன் “தலைக்கு மேலே!” என்று குரல் கொடுப்பது இதனால்தான். மோட்டார் பொருத்திய அரங்குகளில் இந்தக் கயிற்றுச் சுவரைப் பார்க்க முடியாது, ஒரு கட்டுப்பாட்டு மேசைதான் இருக்கும்.

கேள்வி: எஸ்பிளனேடில் நாடக அரங்கைக் கேட்டோம், இசையரங்குதான் கிடைத்தது. போவதில் பயன் உண்டா?
– இணைப்பாட நடவடிக்கைப் பொறுப்பாசிரியர், ஜூரோங்

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் கேள்விகளை மாற்றிக்கொள்ளுங்கள். திரை ஏறி இறங்குவதை அங்கே தேடாதீர்கள். மேடைக்கு மேல் ஏற்றி இறக்கக்கூடிய மூன்று பெரிய ஒலிக்கூரைத் துண்டுகள் உண்டு. சுற்றிலும் எதிரொலி அறைகள், அவற்றுக்கு 84 கதவுகள். கதவைத் திறந்தால் ஒலி உள்ளே போய்ச் சுழன்று தாமதமாகத் திரும்பும். மூடித் திரைச்சீலையை இறக்கினால் சீக்கிரம் அடங்கும். மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கு ஒலி சுமார் இரண்டு விநாடி நின்றால் அழகு. நாடக வசனத்துக்கு ஒரு விநாடியே தாராளம். இரண்டு விநாடி நின்றால் ஒரு சொல் அடுத்ததன் மேல் ஏறிவிடும், மிருதங்கச் சொற்கட்டும் குழம்பும். அனுமதி கேட்டு ஒரு மாணவரை மேடையில் ஒரு குறள் சொல்லவைத்து, மற்றவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். 4,740 குழாய்கள் கொண்ட ஆர்கன் இசைக்கருவியையும் விட்டுவிடாதீர்கள். வெளியே தெரிபவை அவற்றில் கொஞ்சம்தான்.

கேள்வி: மகளுக்கு ஆஸ்துமா. மேடைப் புகை ஒத்துக்கொள்ளுமா? மூடிய காலணி கட்டாயம் என்கிறார்களே?
– பெற்றோர், செங்காங்

பதில்: ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிவதற்காக விடும் மெல்லிய மூட்டம் பெரும்பாலும் கிளைக்கால் அல்லது கிளிசரின் கலந்த நீரிலிருந்து வருவது. அது காற்றில் நெடுநேரம் தங்கும்; சிலருக்குத் தொண்டையை உறுத்தும். தரையோடு தவழும் வெண்புகை பெரும்பாலும் உலர்பனியிலிருந்து, அதாவது உறைந்த கரியமில வாயுவிலிருந்து வருவது. குழந்தைகள் அதில் குனிந்து விளையாடக் கூடாது. அன்று எதையும் இயக்குவார்களா என்று பள்ளி மூலம் கேட்டுவிடுங்கள், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை. இன்ஹேலர் மகளின் சட்டைப்பையில் இருக்கட்டும், பேருந்தில் விட்ட பையில் வேண்டாம். காலணி விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. தரையில் திருகாணி, கேபிள், இரும்புத் தாங்கி எல்லாம் கிடக்கும். செருப்பில் வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: மேடையில் சீழ்க்கை அடிக்கக் கூடாதாமே, மூடநம்பிக்கைதானே?
– வாசகர், அங் மோ கியோ

பதில்: முன்பு திரை இழுத்தவர்களில் கப்பல் மாலுமிகள் இருந்தார்களாம், சீழ்க்கைதான் அவர்களுக்குச் சைகையாம். விளையாட்டாக யாராவது ஊதினால் தலையில் திரை இறங்கும் என்று காரணம் சொல்வார்கள். இன்று அதே எச்சரிக்கை ஒரு சொல்லுக்கு மாறியிருக்கிறது. மேடை நிர்வாகி ஹெட்செட்டில் “ஸ்டான்ட்பை” என்றதும் எல்லோரும் கையைத் தயாராக வைப்பார்கள். “கோ” என்றதும் விளக்கோ திரையோ மாறும். அதனால் அந்த இணைப்பில் வேறு எதற்கும் “கோ” என்று சொல்வதில்லை. அவரது மேசைக்கு உங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், ஹெட்செட்டை மாட்டிப் பார்க்கும் ஆசையில் யாரும் அதைச் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.