மூச்சு வாங்கவில்லை, முட்டிதான் வலிக்கிறது

கேள்வி: வயது 46, எடை 64 கிலோ, உட்கார்ந்தே செய்யும் வேலை. இன்னும் பத்து வாரத்தில் 12 நாள் மலை நடைப்பயணம் போகிறேன். 12 கிலோ பையை நானே சுமக்க வேண்டும். பாதையின் உச்சம் 1,800 மீட்டர். தினமும் ஒரு மணி நேரம் ட்ரெட்மில்லில் வேகமாக நடக்கிறேன், மூச்சு வாங்குவதில்லை. ஆனால் ஒத்திகையாக ஒரு குன்றில் ஏறி இறங்கியதில் மூன்று நாள் தொடை பிடித்துக்கொண்டது, முட்டியும் வலித்தது. பயண ஏற்பாட்டாளர் ஒரு பயிற்சி பேக்கேஜில் சேரச் சொல்கிறார். மூச்சுக்கு முகமூடியும் தருவார்களாம். சேரட்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் பழகாதது இறக்கம்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும், பிரேக் மாதிரி. பழக்கமில்லாத தசைக்கு இதுதான் பெரிய வேலை. வலி மறுநாள்தான் ஆரம்பிக்கும், இரண்டு மூன்று நாள் இருக்கும். ட்ரெட்மில்லில் எத்தனை மாதம் நடந்தாலும் ஒரு அடிகூட இறங்கியிருக்க மாட்டீர்கள். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இப்படி வலி கண்ட தசைக்கு அடுத்தடுத்த முறை வலி வெகுவாகக் குறையும்.

அதனால் ட்ரெட்மில்லைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் மாடிப்படி, விடுமுறை நாளில் ஒரு நீண்ட நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் பையில் நான்கு கிலோ போதும். பிறகு வாரத்துக்கு ஒன்றரை கிலோ கூட்டினால் எட்டாவது வாரத்தில் 12 கிலோ வந்துவிடும். அவசரப்படாதீர்கள். நெஞ்சும் தசையும் சீக்கிரம் தேறிவிடும். தசைநாரும் மூட்டும் மெதுவாகத்தான் தேறும். பாதியில் காயப்பட்டு வருகிறவர்களில் பலர் இந்த இடைவெளியில்தான் மாட்டுகிறார்கள். 12 கிலோ உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கிறது. அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

பாரத்துக்குத் தண்ணீர் பாட்டில் வையுங்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ. முட்டி முணுமுணுத்தால் மேலேயே கொட்டிவிட்டு இறங்கலாம். பாட்டில்கள் பையின் அடியில் தொங்காமல் முதுகை ஒட்டி நிற்கட்டும். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் முதலில் இறுக்கிவிட்டு, அப்புறம் தோள்பட்டை வாரை இழுங்கள். பாரத்தில் பெரும்பகுதி இடுப்பில் உட்கார வேண்டும். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் கால்விரல்களின் நேராகவே போகட்டும். அடி வைக்கும் சத்தம் உங்கள் காதுக்குக் கேட்கக் கூடாது. தொம் தொம்மென்று கேட்டால் தசை வேலை செய்யவில்லை, மூட்டு வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம்.

முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் நழுவினாலோ இதெல்லாம் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

இனி அந்த முகமூடி. அது காற்று உள்ளே போவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். மலை உயரத்தில் நிகழ்வது வேறு. காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் 21 சதவீதம்தான். மேலே போகப்போக அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைகிறது. வீட்டில் மூக்கை அடைத்துக்கொண்டு நடந்தால் உடம்பு இதற்குப் பழகாது. மேலேயே சில நாள் இருந்தால்தான் பழகும். உங்கள் பாதை 1,800 மீட்டரோடு முடிகிறது, இந்தப் பேச்சே உங்களுக்குத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அடுத்த வருடம் இதே ஆள் உங்களை இன்னும் உயரத்துக்குக் கூப்பிடுவார். 3,000 மீட்டருக்கு மேல் உடற்தகுதி யாரையும் காப்பாற்றாது. நன்றாக ஓடுகிறவர் வேகமாக ஏறிவிடுவார், அதனாலேயே தலைவலியும் வாந்தியும் அவரையும் பிடிக்கும். அங்கே தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்க வேண்டும். தலைவலியோடு குமட்டினால் மேலே போகக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, இரவானாலும் கீழே இறங்க வேண்டும். பயண அட்டவணையில் ஓய்வு நாள் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். ஒரு நாள் கூடினால் செலவு கூடும், அதுதான் காரணம். முகமூடி விற்றால் வரவு.

உடற்தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. பையை மாட்டிக்கொண்டு நாலு மாடி இறங்கிக் காட்டு என்று சொல்லும் கட்டம் நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இல்லை. நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள், அதனால் இதயப் பரிசோதனையை உங்களுக்காகச் செய்துகொள்ளுங்கள், படிவத்துக்காக அல்ல.

ஷூவுக்கும் அவர் ஒரு கடையைச் சொல்வார். அங்கே போனாலும் மாலையில் போங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். பயண சாக்ஸோடு போட்டுப் பார்த்து, முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். ஒன்பதாவது வாரம் இரண்டு நாள் தொடர்ந்து முழுப் பாரத்தோடு நடங்கள், அதே ஷூ, அதே சாக்ஸ். எங்கே உரசிச் சூடாகிறதோ அங்கே கொப்புளம் வரும் முன்பே பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். பத்தாவது வாரம் பாரமில்லாமல் லேசாக நடந்தால் போதும். பேக்கேஜுக்கு முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.