கெண்டை முட்டையும் மின்கம்பியும்

அன்புள்ள ஐயா,

வயலை ஒட்டிக் குளம் வெட்டி சாதாக் கெண்டை வளர்க்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் குளத்துக்கு மேலே உயர் அழுத்தக் கம்பி போட்டார்கள். இந்த முறை பாசியில் ஒட்டியிருந்த முட்டைகளில் முக்கால்வாசி வெளுத்துவிட்டன. கம்பிதான் காரணம் என்கிறார்கள் ஊரில். கரையில் கிளைபோசேட் களைக்கொல்லியும் அடித்திருந்தோம், அது மீனை ஒன்றும் செய்யாது என்றார் கடைக்காரர். எதை நம்புவது?

ம.

அன்புள்ள ம.,

நான் முதலில் சந்தேகப்படுவது கரையில் அடித்த மருந்தைத்தான்.

கம்பியின் காந்தப்புலம் தண்ணீருக்குள்ளும் இறங்கும், உண்மை. போலந்தில் டிரவுட் மீன் முட்டைகளை 1 மில்லிடெஸ்லா, 50 ஹெர்ட்ஸ் புலத்தில் வாரக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள், 2019இல் வந்த ஆய்வு. உங்கள் கம்பிக்கு அடியில் இருப்பதைப்போல அது பல மடங்கு. ஆனாலும் முட்டைகள் கூடுதலாகச் சாகவில்லை, பொரிக்கும் நாளும் மாறவில்லை, குஞ்சின் மஞ்சள்கரு மட்டும் சீக்கிரம் கரைந்தது. இரை தேடப் பழகுமுன்பே கட்டுச்சோறு தீர்வது குஞ்சுக்கு நல்லதல்ல, அதை நான் லேசாகச் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் முட்டைகள் பொரிக்கவே இல்லையே.

கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. கிளைபோசேட் செடிக்குள் எதை முடக்குகிறதோ அது மீனுக்குள் கிடையாது. ஆனால் டப்பாவில் இருப்பது வெறும் கிளைபோசேட் இல்லை, மருந்து இலையில் பரவி உள்ளே இறங்கப் பெரும்பாலும் சோப்பு மாதிரி ஒன்றையும் கலக்கிறார்கள். ஃபேட்ஹெட் மின்னோ என்ற சின்ன மீனை வைத்து அமெரிக்காவில் 1979இலேயே சோதித்துவிட்டார்கள்: நான்கு நாளில் பாதி மீன் சாக, தனிக் கிளைபோசேட் லிட்டருக்கு 97 மில்லிகிராம் வேண்டியிருந்தது, கடைச் சரக்கு 2.3 மில்லிகிராமே போதுமானதாக இருந்தது. அது நீந்தும் மீன். பாசியில் ஒட்டிய முட்டை எங்கே ஓடும்? போதாததற்குக் கருகிய களை தண்ணீரில் விழுந்து அழுகினால் பிராணவாயுவும் குறையும்.

ஆய்வுக்கூட வரிமீனின் முட்டையை ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்தேன். 1 மில்லிமீட்டர் கண்ணாடி உருண்டை, போட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது, உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் கரையோரம் மருந்து அடிப்பவரைக் கண்டால் எனக்குப் பதறுகிறது.

வெளுத்த முட்டையெல்லாம் மருந்தால் செத்தது என்றும் சொல்லமுடியாது, கரு சேராத முட்டையும் வெளுக்கும். அதனால் அடுத்த முறை முட்டை ஒட்டிய பாசியில் இரண்டு கொத்து எடுத்து, ஒன்றைக் குளத்துத் தண்ணீரிலும் மற்றதை நன்றாகக் காற்றாட வைத்த கிணற்றுத் தண்ணீரிலும், இரண்டு வாளியையும் அதே கம்பிக்கு அடியில் நிழலில் வையுங்கள். மூன்று நாள் கழித்து இரண்டிலும் பொரித்ததை எண்ணி எனக்கு எழுதுங்கள். அதுவரை கரைக் களையை அரிவாளால் அறுங்கள்.